எழுபத்தோராவது புள்ளி

அன்னலட்சுமியைச் சங்கத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும். உட்துறைமுகப் பக்கத்தில் இருந்த அந்த மீனவர் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து, வந்தவர் போனவரின் பிழைகளைத் திருத்தியே ஊர் வாயில் விழுந்தவள். வலைக்கு விண்ணப்பம் எழுத வந்தவன் 'வளை' என்று எழுதியிருந்தால், "உமக்கு வளையல் கடைக்குத்தான் கடிதம் தரவேணும்" என்று தாளைத் திருப்பிக் கொடுப்பாள். ஈச்சிலம்பற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனிதனாக இருந்தாலும் அதுதான். அவன் முற்றத்துக்குப் போய், அந்த ஊர்த் தெருவெல்லாம் சுற்றித் திரியும் மான்களுக்குக் கேட்கும்படி அவளைத் திட்டிவிட்டு, வேறு தாளில் எழுதிக்கொண்டு வருவான்.

கிளிவெட்டியில் பிறந்தவள். பதினாறு வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து அன்புவழிபுரத்தில் குடியேறினாள். பெற்றவர்கள் போன பிறகு, சம்பளத்தில் கல்லுக் கல்லாக வாங்கி இரண்டு அறை வீடு ஒன்றைத் தானே கட்டினாள். பேசி வந்த இரண்டு கலியாணமும் அவளுடைய வாய்க்குப் பயந்து நின்றுபோனதாக அக்கம்பக்கத்தில் கதை. அதை அவள் மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதாக இருந்தபோது கந்தோருக்கு முதல் கணினி வந்தது. யாருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லை. அவள் போய் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் பாதி வயதுப் பிள்ளைகள். 'அன்ரி' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். படிப்பித்தவர் ஒவ்வொரு நாளும் பலகையில், கணினி எழுத்தை அளக்கிற அதே கணக்கைத்தான் போடுவார். நான்கு பிற்று ஒரு நிபிள். இரண்டு நிபிள் ஒரு பைற்று. எட்டுப் பிற்று ஒரு பைற்று. இத்தனை பைற்றுக்கு எத்தனை பிற்று, இத்தனை பிற்றுக்கு எத்தனை நிபிள் என்று மாற்றி மாற்றிக் கேட்பார். பிள்ளைகளுக்கு அது கசந்தது. அன்னலட்சுமிக்கு அது தன்னுடைய ஆளைக் கண்ட மாதிரி இருந்தது. எட்டு என்றால் எட்டு. யாருடைய முகத்தைப் பார்த்தும் அது ஏழரை ஆகாது. கடைசிப் பரீட்சையில் அவள்தான் முதல். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

அந்த ஆவணி மாதம் சங்கத்துக்கு ஒரு பெட்டி வந்தது. கைப்பிடி அளவு கறுப்புப் பெட்டி; உள்ளே ஒரு சிம். கணினியில் ஒரு தடவை செய்தியை அடித்து அனுப்பினால் முந்நூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவரின் போனுக்கும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேரும். கொழும்புக் கம்பனி ஒன்றின் முகவராக வந்து அதைக் கணினியோடு பூட்டிக் கொடுத்தவன் ஹஸ்மி என்ற கிண்ணியா இளைஞன். மடிப்புக் கலையாத சேட்டும் நல்ல பேச்சும் உள்ளவன். அவன் தந்த துண்டுப் பிரசுரத்தில், 'ஒரு செய்தியில் 160 எழுத்துகள் - தமிழிலும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"ஒருக்கா நீளமா ஒண்டு அடிச்சு அனுப்பிப் பாத்திட்டுக் கையெழுத்து வைப்பம்," என்றாள் அன்னலட்சுமி.

சங்கத் தலைவர் கனகரத்தினம் பேனையை ஏற்கெனவே திறந்துவிட்டார். பட்டணத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர். எல்லா வேலையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் அவருக்கு. "நீங்கள் எதிலதான் பிழை பிடிக்கமாட்டியள்?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "அந்தத் தம்பி படிச்சிட்டுத்தானே வந்திருக்கிறார்."

ஹஸ்மி சிரித்தான். மேசைக்கு அப்பால் இருந்த ஷிஃபானாவும் சிரித்தாள். ஷிஃபானா சங்கத்தில் தற்காலிகமாக வேலை செய்த பெண். வேலைக்கு வந்த முதல் கிழமையே அன்னலட்சுமியிடம் மூன்று கடிதத்தைத் திருப்பி அடிக்கச் சொல்லிப் பேச்சு வாங்கியவள். அன்னலட்சுமிக்குக் காது சூடேறியது. சரி, உங்கட சங்கம், உங்கட பெட்டி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. 'ஞாயிறு காலை 9 மணிக்குக் கூட்டம்', 'ஐஸ் வந்துள்ளது' என்று சின்னச் சின்னச் செய்திகள்தான் போய்க்கொண்டிருந்தன.

கார்த்திகை கடைசியில் வாடைக் காற்று பிடித்தது. நான்கு நாளாக மீன்பிடிப் போட்டுகள் கரையில் கிடந்தன. ஐந்தாம் நாள் புதன்கிழமை பின்னேரம் காற்று கொஞ்சம் தணிந்ததும், போகலாமா போகலாமா என்று கந்தோர்ப் போன் ஓயாமல் அடித்தது. நாலு மணிபோல கனகரத்தினம் வெளியில் இருந்து வானிலைத் தகவல் கேட்டுவிட்டு அழைத்தார். அவர் சொல்லச் சொல்ல அன்னலட்சுமி அடித்தாள். அடித்து முடித்து, போனில் திருப்பி வாசித்தும் காட்டினாள்:

'வானிலை அறிவிப்பு: காற்று சற்றுக் குறைந்துள்ளது. நாளை கடலுக்குப் போகலாம் என்று சொல்வதற்கில்லை. மறு அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும்.'

"சரி, போடுங்கோ," என்றார் அவர்.

திரையின் ஓரத்தில் 134/160 என்று பச்சையில் காட்டியது. அவள் அனுப்பினாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டதாகப் பெட்டி சொன்னது. கணினியை அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

வியாழக்கிழமை விடிய ஐந்து போட்டுகள் கடலுக்குப் போயின. பத்து மணிக்கு மேல் காற்று திரும்பவும் எழும்பியது. நான்கு போட்டுகள் அடிபட்டு, வலையை அறுத்துவிட்டுக் கரை சேர்ந்தன. ஐந்தாவது கவிழ்ந்தது. அதில் போன இரண்டு பேரில் ஒருவன் வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்து மிதந்தான்; பின்னேரம் ஆட்கள் கண்டு தூக்கினார்கள். மற்றவன் சிந்துஜன், இருபத்தேழு வயது. மூன்றாம் நாள் மூதூர்க் கரைப்பக்கம் ஒதுங்கினான். கலியாணம் முடித்துப் பதினொரு மாதம்.

செத்த வீடு முடிந்த மறுநாள் காலை கந்தோருக்குள் இருபது முப்பது பேர் வந்தார்கள். முன்னுக்கு வந்தவர் தவராசா, சிந்துஜனின் மாமனார்; அவரும் சங்கத்து அங்கத்தவர். அறுபது வயது, சவரம் செய்யாத முகம். அன்னலட்சுமியை எப்போதும் 'நீங்கள்' என்று கூப்பிடுகிறவர்.

"நீதானே அடிச்சனீ?" என்றார்.

அவருடைய கையில் இருந்த போன் மேசையில் வந்து விழுந்தது. சிந்துஜனின் போன். போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன அடிச்சனீ எண்டு வாசி. எல்லாருக்கும் கேக்க வாசி."

அன்னலட்சுமி போனை எடுத்துப் பார்த்தாள். 'வானிலை அறிவிப்பு: காற்று சற்றுக் குறைந்துள்ளது. நாளை கடலுக்குப் போகலாம' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எங்கே மிச்சம், எங்கே மிச்சம் என்று விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு அந்தக் கடைசி எழுத்தில் அவள் கண் நின்றது. இருபத்திரண்டு வருடம் பழகின கண்.

"இதில புள்ளி இல்லை," என்றாள்.

"என்ன?"

"போகலாம் எண்டதில மகரத்துக்குப் புள்ளி இல்லை. பாருங்கோ."

சத்தம் எழும்பியது. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறோம், இவள் எழுத்துப் பிழை பார்க்கிறாள் என்று ஒருவன் கத்தினான். யாரோ பைல்கள் அடுக்கியிருந்த தட்டைத் தள்ளி விழுத்தினார்கள். ஒருவன் அவளுடைய கதிரையை இழுத்து முற்றத்தில் எறிந்தான். தவராசா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் மற்றவர்களின் கூச்சல் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"தலைவர் சொன்னதைத்தான் அடிச்சனான். வாசிச்சும் காட்டினனான்," என்றாள்.

எல்லாரும் கனகரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான் போகவேண்டாம் எண்டுதான் சொன்னனான். இவ என்னத்தை அடிச்சாவோ எனக்கெப்பிடித் தெரியும்? போனில எனக்கு வடிவாக் கேக்கவும் இல்லை."

அன்னலட்சுமி ஷிஃபானாவைத் திரும்பிப் பார்த்தாள். செய்தி அனுப்பிய அன்றைக்கு அதே அறையில் இருந்தவள் அவள். ஷிஃபானா கீழே விழுந்த பைல்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"விசாரணை முடியுமட்டும் வீட்டில நில்லுங்கோ," என்றார் கனகரத்தினம்.

அன்றைக்கு மத்தியானம் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. மறுநாள் காலை வாசல் கேற்றில் மீன் குடல் தொங்கியது. அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். அதற்கடுத்த நாளும் தொங்கியது, கழுவினாள். சந்திக் கடையில் சீனி கேட்டால் முடிந்துவிட்டது என்றார்கள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு நிறுத்துக் கொடுத்தார்கள். "அது என்ன, எனக்கு மாத்திரம் முடிஞ்ச சீனி?" என்று அவள் நின்று கேட்டாள். பின்னால் நின்ற பெண், "ஒரு உயிரைத் திண்டிட்டு வாயைப் பார்," என்று முணுமுணுத்தாள்.

வீட்டுக்குள் இருந்து அவள் அந்தப் புள்ளியையே நினைத்தாள். மனிதர் கையால் அடித்தால் 'ம்' என்று முழுதாக அடிப்பார்கள், அல்லது சொல்லையே விட்டுவிடுவார்கள். எழுத்தின் தலையிலிருந்து புள்ளியை மட்டும் பிடுங்குவது மனிதர் செய்கிற வேலையாகத் தெரியவில்லை. கத்தி கணக்குப் பார்த்து விழுந்திருக்கிறது. எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி. அதற்குப் பெட்டிக்குள் இருக்கும் பதிவு வேண்டும். பெட்டியோ கந்தோரில்.

நாலாம் நாள் பின்னேரம் கேற்றில் யாரோ தட்டினார்கள். ஷிஃபானா நின்றாள். உள்ளே வரவில்லை. கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கேற்றுக் கம்பிக்குள்ளால் நீட்டினாள்.

"பெட்டியில இருந்து எடுத்தது. அண்டைக்குப் போன மெசேஜ். எனக்கொண்டும் விளங்கல்ல. உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

"அண்டைக்கு நான் வாசிச்சதை நீர் கேட்டனீர்தானே?"

"கேட்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

ஷிஃபானாவுக்கும் கோபம் வந்தது. "நான் இன்னும் நிரந்தரமில்ல. ஒரு சொல்லுச் சொன்னா அடுத்த மாசம் வீட்டுக்குத்தான். எனக்கு உங்களில விருப்பம் எண்டு நினைக்காதீங்க அக்கா. அந்தப் புள்ளி இல்லாத 'போகலாம'வை நானும் பாத்தன். அதுக்குத்தான் வந்தன்." சொல்லிவிட்டு வந்த ஓட்டோவிலேயே ஏறிப் போய்விட்டாள்.

தாள் முழுக்க இலக்கமும் ஆங்கில எழுத்துமாக நெருங்கிக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. அன்னலட்சுமிக்கு அது மாலை வகுப்புப் பலகை. பெட்டி ஒவ்வொரு எழுத்தையும் நான்கு குறிகளாக எழுதி வைத்திருந்தது. ஒரு குறி ஒரு நிபிள். அவள் குசினி மேசையில் தாளை விரித்து, பென்சிலால் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணினாள். முதல் தரம் இருநூற்றெண்பது. நம்பாமல் பின்பக்கமிருந்து எண்ணினாள். இருநூற்றெண்பது.

இருநூற்றெண்பது நிபிள் என்றால் நூற்று நாற்பது பைற்று. நூற்று நாற்பதை எட்டால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றிருபது பிற்று. பெட்டியின் வயிறு அவ்வளவுதான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஏழு பிற்றுப் போதும்; ஏழால் பிரித்தால் நூற்றறுபது. பிரசுரத்தில் இருந்த நூற்றறுபது அங்கிருந்து வந்தது. தமிழ் எழுத்துக்குப் பதினாறு பிற்று வேண்டும். பதினாறால் பிரித்தால் எழுபது. அந்த எழுபதிலும் கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகவே கணக்கு. அவள் செய்தியைத் தாளில் எழுதி, புள்ளி வேறு கால் வேறாகப் பிரித்து எண்ணினாள். எழுபதாவது, மகரம். அதன் புள்ளி எழுபத்தொன்று. நூற்று முப்பத்து நான்கு அடித்த இடத்தில் எழுபதைத்தான் பெட்டி கொண்டுபோனது. மிச்சத்தை ஒரு சத்தமும் இல்லாமல் கடலில் போட்டது.

பென்சிலை வைத்தாள். தமிழில் ஆம் இல்லை எல்லாம் கடைசியில்தானே வருகிறது. வால் அறுந்தால் மாடு எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். கணக்குச் சரியாக வந்த மகிழ்ச்சி. அது வந்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் விசாரணைக் கூட்டம். ஹஸ்மியையும் வரச் சொல்லி, கணினியையும் பெட்டியையும் மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மண்டபம் நிறைந்து முற்றத்திலும் ஆட்கள். அன்னலட்சுமி உள்ளே போனபோது வழிவிட்டார்கள். மரியாதைக்கு அல்ல, அவள் மேல் பட்டுவிடக் கூடாது என்று.

கனகரத்தினம் பேசினார். செய்தியை மாற்றி அடித்ததற்காக எழுதுவினைஞரை வேலையிலிருந்து நிறுத்தத் தீர்மானம் என்றார். கைகள் எழும்பத் தொடங்கின.

"எண்ணுறதுக்கு முதல் நான் கொஞ்சம் எண்ணிக் காட்டவேணும்," என்று அன்னலட்சுமி எழுந்து வெள்ளைப்பலகைக்குப் போனாள். "போய் இரு! போய் இரு!" என்று கத்தினார்கள். அவள் இருக்கவில்லை. 280 என்று எழுதி, அதன் கீழ் 140, அதன் கீழ் 1120, அதன் கீழ் 70 என்று எழுதினாள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை.

ஹஸ்மிக்கு விளங்கியது. அவன் முகம் ஒரு கணம் மாறியது. ஆனாலும் எழுந்து, "அக்கா பழைய பாடத்தச் சொல்லுறா," என்றான். "ஒரு எழுத்துக்கு ஏழு பிற்று. ஆயிரத்து நூற்றிருபத ஏழால பிரிச்சா நூற்றறுபது. எங்கட பெட்டி தமிழ் எடுக்கும். வெளியில அச்சடிச்சே இருக்கு."

"தமிழ் எடுக்கும். எத்தினை எடுக்கும்?"

"நூற்றறுபது."

"தம்பி, ஆங்கிலத்துக்கு ஏழு. தமிழுக்குப் பதினாறு. உங்கட கம்பனி கணக்குப் போட்டது கொழும்பில. ஆள் செத்தது இஞ்ச."

"உங்கட பிழைய என்ர தலையில கட்டப் பாக்காதீங்க!"

"அப்ப அனுப்பும்," என்றாள் அவள். "பெட்டி அங்கதான் இருக்கு. அதே வசனத்தை நீரே அடியும். என்ர கை படவேண்டாம். இந்த மண்டபத்தில இருக்கிற ஐஞ்சு பேருக்கு மாத்திரம் போடும். எல்லாருக்கும் போட்டிடாதையும், இன்னொரு வீட்டில சா விழவேண்டாம்."

ஹஸ்மி கனகரத்தினத்தைப் பார்த்தான். கனகரத்தினம் மேசையைப் பார்த்தார். கூட்டத்துக்குள்ளிருந்து, "அனுப்பன்டா," என்று தவராசாவின் குரல் வந்தது.

அவன் அடித்தான். ஷிஃபானா பக்கத்தில் நின்று சொல்லுக்குச் சொல் சரிபார்த்தாள். 'காத்திருக்கவும்' என்று முற்றுப்புள்ளியும் வைத்து முடித்தபோது, திரையைப் பின்னால் இருந்தவர்களுக்கும் தெரிகிறமாதிரித் திருப்பி வைத்தார்கள். பச்சையில் 134/160. அனுப்பினான்.

முன்வரிசையில் இருந்த ஜவாஹிரின் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. அவர் மூதூரில் இரண்டு போட்டுக்குச் சொந்தக்காரர். அந்த வியாழக்கிழமை, மகளின் கலியாண வேலையில் கடலுக்குப் போகாமல் நின்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி நின்று வாசித்தார். "...நாளை கடலுக்குப் போகலாம." நிறுத்தினார். திரையைத் தள்ளிப் பார்த்தார். "அவ்வளவுதான். கீழ ஒண்டுமில்ல."

மற்ற நான்கு போனும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. ஒன்று தவராசாவின் போன். அவர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்தது அசிங்கம். ஹஸ்மியின் மேல் நாலைந்து பேர் பாய்ந்தார்கள். அந்த மடிப்புக் கலையாத சேட்டு தோளோடு கிழிந்தது. கனகரத்தினம் உடனே, "அப்ப இது பெட்டியின்ர பிழை, கம்பனியின்ர பிழை, நான் அப்பவே நினைச்சனான்," என்று சத்தம் போட்டார். அன்னலட்சுமி பலகை துடைக்கிற கட்டையால் மேசையில் அடித்தாள்.

"அவனை விடுங்கோ! பொய் சொன்னவன்தான், விடுங்கோ. கையெழுத்து வைச்சது ஆர்? அனுப்பிப் பாக்காமல் கையெழுத்து வைச்ச ஆளும் இஞ்சதான் இருக்கிறார். நான் வாசிச்சுக் காட்டினது கேக்கேல்லை எண்டு சொன்ன ஆளும் அவர்தான்."

"வாசிச்சது எனக்கே கேட்டது," என்றாள் ஷிஃபானா. மெல்லத்தான் சொன்னாள். ஆனால் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. அங்கிருந்து பின்வரிசைக்குப் போனது. கனகரத்தினம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்கவில்லை.

தவராசா எழுந்து பலகைக்குக் கிட்ட வந்தார். இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதெல்லாம் உனக்குத் தெரியும்," என்றார்.

"ஓம்."

"எப்பயிருந்து தெரியும்?"

"பதினொரு வருசமா."

"அப்ப பெட்டி வந்த அண்டைக்கு ஏன் சொல்லேல்லை? அனுப்பினதுக்குப் பிறகு உன்ர போனில ஒருக்கா ஏன் பாக்கேல்லை?"

கனகரத்தினம் தடுத்ததைச் சொல்லி அவள் தப்பியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் பாதி உண்மை.

"பாக்கவேணும் எண்டு சொன்னனான். தலைவர் சினந்தார். எல்லாரும் சிரிச்சினம். எனக்குக் கோவம் வந்திட்டுது," என்றாள். "பிழை வந்தால் வரட்டும், அப்ப தெரியும் இவைக்கு எண்டு விட்டிட்டன். என்ர நம்பரையும் பட்டியலில போடுங்கோ எண்டு நான் கேக்கவும் இல்லை."

தவராசாவின் தாடை அசைந்தது. ஆயிரம் பேருடைய எழுத்தைத் திருத்தினவள் ஒரு வசனத்தை விட்டுவிட்டாள், அந்த ஒன்றில் தன் வீட்டுப் பிள்ளை போய்விட்டான் என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் பலகைக்கு அடியில் தரையில் காறித் துப்பிவிட்டு வெளியே போனார். அவரோடு வந்தவர்களும் போனார்கள்.

தீர்மானம் நிறைவேறவில்லை. அன்னலட்சுமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. முற்றத்தில் எறிந்த கதிரைக்கு ஒரு கால் உடைந்திருந்தது; அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கனகரத்தினம் தலைவராகவே இருந்தார். அவளோடு பேச வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி அனுப்பினார். அதிலும் ஒற்றுப் பிழை இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. பாவனையாளர் வழிகாட்டலைச் சரியாகப் பின்பற்றாததால் ஏற்பட்ட நிலைமைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வழிகாட்டல் என்று ஒன்றை எவரும் கண்டதில்லை. ஹஸ்மி அந்த வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. கேற்றில் மீன் குடல் தொங்குவது தை மாதத்தோடு நின்றது.

வேறு பெட்டி வாங்கச் சங்கத்துக்கு வழி இல்லை. அதே பெட்டியைத்தான் வைத்துக்கொண்டார்கள். அன்னலட்சுமி பிரசுரத்தில் இருந்த 160-ஐ வெட்டி 70 என்று சிவப்பு மையால் எழுதிக் கணினிக்கு மேல் ஒட்டினாள். பட்டியலில் முதல் நம்பராகத் தன்னுடையதைப் போட்டாள். செய்தி எழுதும் விதத்தையும் மாற்றினாள். 'போக வேண்டாம்.' என்று முதலில் வரும்; பிறகுதான் காற்று, மழை, காரணம் எல்லாம். படிக்கிறவர்களுக்கு அது அதட்டுகிற மாதிரி இருந்தது. "உவ எங்களை நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிறா," என்று இளம் பொடியன்கள் சொன்னார்கள். "கலைச்சால் போதும்," என்றாள் அவள்.

தவராசா தன்னுடைய நம்பரைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொல்லி ஷிஃபானாவிடம் வந்தார். அதற்குப் பிறகு கடல் குழம்பும் நாளெல்லாம் சைக்கிளில் நேரே கந்தோருக்கு வருவார். அன்னலட்சுமியின் மேசையைத் தாண்டிப் போய், ஷிஃபானாவின் முன்னால் நின்று கேட்பார்.

"பிள்ளை, இண்டைக்கு என்ன போட்டிருக்கு?"

ஷிஃபானாவுக்கு முதலில் தெரிந்திருக்காது. அடித்தது அன்னலட்சுமியாக இருக்கும். அவள் தலை நிமிராமல், "நாளைக்கும் போகவேண்டாம் எண்டு சொல்லும். சனிக்கிழமை பின்னேரம் திரும்பக் கேட்டுச் சொல்லுறம் எண்டும் சொல்லும்," என்பாள்.

ஷிஃபானா அதை அப்படியே, இரண்டடி தூரத்தில் நிற்கிற மனிதருக்குத் திருப்பிச் சொல்வாள்.

"முழுக்கச் சொல்லிப்போட்டாவோ?" என்று அவர் ஷிஃபானாவைப் பார்த்தே கேட்பார்.

"முழுக்கச் சொல்லியாச்சு," என்பாள் அன்னலட்சுமி.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.